ஃபேனை நிறுத்துலே

“எக்ஸாஸ்ட நிறுத்துலே, சூடு பூரா வெளிய போகு!”

கத்தியது பெயிண்டிங் மேஸ்திரி. தக்கலைப் பட்டறையில் பெயிண்ட் அடிக்கக் கொடுத்த வண்டி பம்பரை வாங்கப் போயிருந்தேன். வெளியே ஆனிச் சாரல்.

ஈரக் காற்று பட்டால் பெயிண்ட் வெளுத்துப் பூத்துவிடுமாம். மேலே அடிக்கிற பளபளப்புப் பூச்சான கிளியர் கோட் சீக்கிரம் காய 60 டிகிரி சூட்டில் அரை மணி நேரம் வேண்டும். ஆனால் புகையை இழுக்கிற ஃபேன் சூட்டையும் சேர்த்தே இழுத்துவிடும்.

சரி, மேஸ்திரி எதைக் காப்பாற்றுவார்? பம்பரைத்தான்.

முகத்தில் வெறும் கைக்குட்டை. இமை முடியெல்லாம் சில்வர் பொடி.

பெயிண்ட் இறுகுவதற்காகக் கலக்கிற ஹார்ட்னரில் இருக்கும் ஐசோசயனேட் என்ற ரசாயனம் ஆஸ்துமாவையே கொண்டுவரும். கைக்குட்டையா தடுக்கும்? நமக்கு வண்டி நாளைக்கே வேண்டும், அதுவும் மழையில். அந்த அவசரத்துக்கும் சேர்த்துத்தான் ஃபேன் நிற்கிறது.

“ஒரு தூசி உண்டுமா, பாருங்க சார்” என்றார், இருமிக்கொண்டே.