ஜே1900 பெட்டி உறைவு: சி6-ஐ மட்டும் நிறுத்திய விதம்

யாழ்ப்பாணத்துக் கடைகளின் பில் மேசையிலிருந்து எங்களிடம் வரும் செலரோன் ஜே1900 பெட்டிகளில் லினக்ஸ் போட்டால் ஒரு வியாதி: சும்மா நிற்கும்போது உறைந்துவிடும். மவுஸ் அசையாது, பிங் போகாது, லொக்கில் ஒரு வரியும் இராது. ராமையும் பவர் சப்ளையையும் மாற்றிக் காசைக் கரைக்க வேண்டாம். முழு லோடில் மணிக்கணக்காக ஓடி ஓய்வில் மட்டும் விழுந்தால், பார்க்க வேண்டியது சி-நிலைகளை: வேலையில்லாத கோர் உறங்கும் படிகள், எண் ஏற ஏற உறக்கம் ஆழமாகும்.

வழக்கமான மருந்து, பூட் வரியில் (தொடங்கும்போது கேர்னலுக்குக் கொடுக்கும் வரி), கோர்களை உறங்க வைக்கும் இன்டெல் ஐடில் டிரைவரின் மேக்ஸ் சிஸ்டேட்டை 1 ஆக்குவது. உறைவு நிற்கும். ஆனால் கோர்கள் ஆழ்ந்து உறங்கா. கரண்ட் நின்று யூபிஎஸ்ஸில் ஓடும் பெட்டிக்கு அது நட்டம். 0 போட்டால் இன்னும் மோசம்: அந்த டிரைவர் விலக, ஏசிபிஐ டிரைவர் வந்து பயாஸ் அட்டவணைப்படி மறுபடியும் ஆழ்நிலைக்குப் போகும்.

சி6-ஐ மட்டும் நிறுத்த வழி இது. கேர்னலின் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ் கோப்புமுறையில் ஒவ்வொரு கோருக்கும் சிபியூஐடில் அடைவு உண்டு. அதில் நிலைக்கொரு அடைவு: ஸ்டேட் 1 சி1, 2 சி6என், 3 சி6எஸ், 4 சி7, 5 சி7எஸ். ஒவ்வொன்றின் உள்ளேயும் இருக்கும் டிஸேபிள் கோப்பில் ரூட்டாக 1 எழுதினால் அந்த நிலை மட்டும் நிற்கும், ரீபூட் வேண்டாம். நான்கு கோர்களிலும் எழுதுங்கள். ஒன்றை விட்டாலும் சோதனை வீண். 2, 3 இரண்டையும் நிறுத்திச் சி7-ஐ அப்படியே விட்டதும் உறைவு போயிற்று. அதே அடைவுகளின் யூஸேஜ் கோப்பில் உள்ள எண் 2, 3-இல் ஏறாமல் 4, 5-இல் ஏறுகிறதா என்றும் பாருங்கள். ஓரிரவு ஓடியதை நம்பக்கூடாது. நாட்கணக்கில் நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு உறையும் பெட்டிகளும் உண்டு.

சி6 மீது சந்தேகம் வரக் காரணம், இன்டெலின் பிழைப்பட்டியலில் உள்ள விஎல்பி52: இன்டரப்டைக் (சாதனங்கள் கோரைக் கூப்பிடும் சைகை) கவனிக்கும் நடுவில் கோர் சி6-க்குப் போனால், 'முடிந்தது' என்ற இஓஐ செய்தி தொலையலாம், அதே முன்னுரிமையிலும் அதற்குக் கீழும் வரும் இன்டரப்டுகள் அடைபட்டுப்போகும்.

நிரந்தரமாக்க, 5.6-உம் அதற்குப் பிந்திய கேர்னல்களும் என்றால் பூட் வரியில் இன்டெல் ஐடில் டிரைவரின் ஸ்டேட்ஸ் ஆஃப் = 12 போதும் (பிட் 2-க்கு 4, பிட் 3-க்கு 8). பழைய கேர்னலில் டிரைவரின் மூலநிரலில் உள்ள பேட்ரெயில் (ஜே1900-இன் சிப் குடும்பம்) அட்டவணையிலிருந்து சி6 வரிகள் இரண்டையும் நீக்க வேண்டும். இந்த டிரைவரை மொடியூலாகக் கட்ட முடியாது, முழுக் கேர்னலையும் தொகுக்க வேண்டும். ஜே1900-இலேயே தொகுக்காதீர்கள், வேறு கணினியில் டெப் பொதியாகக் கட்டிக் கொண்டுவாருங்கள். நடுவில் கரண்ட் போனால் தொகுப்பை நடத்தும் மேக் கட்டளை விட்ட இடத்திலிருந்து தொடரும், ஆனால் பூச்சியம் பைட் ஒப்ஜெக்ட் கோப்புகளை முதலில் அழித்துவிடுங்கள். இல்லையென்றால் லிங்க் செய்யும்போது புரியாத பிழைகள் வரும்.

வரிகளை நீக்கியதும் எண்கள் நகர்ந்து, ஸ்டேட் 2 இப்போது சி7 ஆகியிருக்கும். முன்பு சோதனைக்கு வைத்த ஸ்கிரிப்ற் பூட்டில் ஓடினால் நல்ல நிலைகளையே நிறுத்திவிடும். அதை நீக்கிவிட்டு ரீபூட் செய்யுங்கள்.