ஓட்டைக் காலணாவுக்கு ஒரு ஜெர்மன் பங்காளி

தர்மபுரியிலிருந்து வரும்போது கண்டக்டர் பாக்கி ஏழு ரூபாயை டிக்கெட்டின் பின்னால் எழுதிக் கொடுத்துவிட்டார். கிருஷ்ணகிரி வரும்வரை தூங்கவில்லை, மறந்து இறங்கினால் போச்சு. (வாங்கிவிட்டேன்.) அப்போதுதான் டப்பாவில் கிடக்கும் அந்த ஜெர்மன் வில்லை ஞாபகம் வந்தது.

பழைய காசுகளைக் கலந்துகட்டி விற்கிற பொட்டலத்தில் வந்தது அது. எட்டு மூலை, ஒரு பக்கம் 10, மறுபக்கம் ஒரு கடையின் பெயர், சுற்றிலும் 'க்ளைன்கெல்ட் எர்சாட்ஸ் மார்க்கெ' என்று மூச்சுமுட்டும் ஒரு சொல். கழுகும் இல்லை, ராஜா தலையும் இல்லை. விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்கிவிட்டேன். சில்லறைக்கு மாற்று வில்லை, அவ்வளவுதான் அந்த நீளச் சொல்லுக்கு அர்த்தம்.

1914-ல் முதல் உலகப்போர் வந்ததும் ஜெர்மனியில் ஜனங்கள் வெள்ளிக்காசைப் பதுக்கினார்கள், செம்பையும் நிக்கலையும் போர் விழுங்கியது. அரசாங்கமே ஃபெனிக் என்கிற சில்லறைக் காசுகளை இரும்பு, துத்தநாகம், அலுமினியம் என்று மலிவான உலோகங்களில் அடித்துப் பார்த்தது, போதவில்லை. சரி, நாமே அடித்துக்கொள்வோம் என்று நகராட்சிகள், டிராம் கம்பெனிகள், தொழிற்சாலைகள், கடைகள் எல்லாம் இறங்கிவிட்டன. மொத்தத்துக்கும் 'நோட்கெல்ட்' என்று பெயர், அவசரப் பணம். கடைக்காரர் அடித்த வில்லைக்கு அந்தக் கடைதான் ரிசர்வ் வங்கி. கடையை மூடிவிட்டால் தகரம்.

போர் முடிந்த பிறகும் சில்லறைப் பஞ்சம் தீராமல், 1920 வாக்கில் ஒரு வேலை செய்தார்கள் பாருங்கள்: தபால்தலையை வட்டமான அலுமினியக் கூட்டில் வைத்து, முன்னால் கண்ணாடி மாதிரி ஒரு மூடி, பின்னால் கடை விளம்பரம். என்னைக் கேட்டால் இதுதான் கெட்டிக்காரத்தனம், கடை போனாலும் தபால்தலைக்கு மதிப்பு இருக்குமே.

நம் ஊரிலும் அடுத்த போரில் செம்பை மிச்சம் பிடிக்க 1943-ல் நடுவில் துளை போட்டுக் காலணா அடித்தார்கள். தாத்தா அரைஞாண் கயிற்றில் கோத்திருந்த ஓட்டைக் காலணா அதுதான்.

இவ்வளவும் தெரிந்த பிறகு வில்லைமேல் திடீர் மரியாதை வந்து, பித்தளைச் சொம்பு துலக்குவதுபோல் புளிக்கரைசலில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டேன். வில்லை துத்தநாகம், துத்தநாகத்துக்கும் புளிக்கும் ஆகாது என்பது காலையில்தான் தெரிந்தது. கறுத்துச் சொரசொரத்துப்போய், கடைப் பெயரில் பாதி எழுத்தைக் காணோம். 10 மட்டும் மங்கலாகத் தெரிகிறது.