தலைகீழாய்த் தொங்கும் மணிக்கூடு

லண்டனில் தாதியாக வேலை செய்து காலமான அப்பாவின் உடுப்புகளை மலர்ச்சாலைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும்போதுதான் அந்தக் கேள்வி வரும்: "பெட்டிக்குள் வேறு என்ன வைக்கப் போகிறீர்கள்?" பட்டு வேட்டி, சால்வை, திருவாசகம் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்கள். அவர் வேலைக்காலம் முழுக்க நெஞ்சில் குத்தியிருந்த தாதி மணிக்கூட்டை மட்டும் மெதுவாகத் திருப்பித் தருவார்கள். பற்றரி உள்ள எதையும் இங்கே எரிப்புக்கு விடமாட்டார்கள், சூட்டில் வெடிக்கும். இதயத்துக்கு வைத்த பேஸ்மேக்கரையும் அதே காரணத்துக்காகத்தான் முதலே எடுத்துவிடுகிறார்கள். காரணம் நியாயமானது. ஆனாலும் அந்தச் சின்ன மணிக்கூட்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிற பிள்ளைக்கு, ஊர் எவ்வளவு தூரம் என்பது அப்போதுதான் உறைக்கும்.

இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளில் நோயாளியைத் தொடுகிறவர்கள் முழங்கைக்குக் கீழே எதுவும் அணியக்கூடாது. 2007, 2008 காலத்தில் இது எல்லா இடமும் கண்டிப்பாக்கப்பட்டது. கைமணிக்கூடு கூடாது, கல் வைத்த மோதிரம் கூடாது, கல்யாண மோதிரம் என்றால் வெறும் வளையம் மட்டும். கௌரி விரதக் காப்பு நூல்கூட மணிக்கட்டில் இருக்கக்கூடாது. ஆகவே மணிக்கூடு நெஞ்சுக்குப் போய்விடுகிறது. பார்க்கிறவர்களுக்கு அது தலைகீழ், குனிந்து பார்க்கும் தாதிக்கு மட்டும் நேர்.

அதை வைத்து அவர் செய்த வேலையைச் சரியாகச் சொல்லவேண்டும். பெருவிரலுக்குத் தன் துடிப்பு உண்டு என்பதால் அதால் நாடி பிடிப்பதில்லை. சுட்டுவிரலும் நடுவிரலும் மணிக்கட்டில் நோயாளியின் பெருவிரல் பக்கமாகப் பதியும். 30 வினாடி எண்ணி இரண்டால் பெருக்கலாம், துடிப்பு ஒழுங்கில்லை என்றால் முழு 60 வினாடி எண்ணவேண்டும். அதன் பிறகும் விரலை எடுக்கமாட்டார். இன்னும் நாடி பார்ப்பதுபோலவே பிடித்துக்கொண்டு, நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுவார். மூச்சை எண்ணப்போகிறேன் என்று முன்கூட்டிச் சொன்னால் ஆள் மூச்சு விடும் விதமே மாறிவிடும். வளர்ந்தவருக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை என்றால் பயமில்லை. 25ஐத் தொட்டால் வாட்டு அட்டவணையில் அந்த ஒன்றுக்கே 3 புள்ளி விழும், டொக்டரைக் கூப்பிடவேண்டும். காய்ச்சலில் கிடந்த இரவுகளில் அப்பா கையை விடாமல் பிடித்திருந்தார் என்று பிள்ளைகள் சொல்வார்கள். அந்த நிமிடம் முழுக்க அவர் மூச்சை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

இதில் ஒரு சொல்லாவது கல்வெட்டு என்று நாங்கள் அச்சடிக்கும் நினைவுப் புத்தகத்தில் வருகிறதா என்பதுதான் எங்கள் மனக்குறை. மரண அறிவித்தலின் அமைப்பு எல்லோருக்கும் மனப்பாடம். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் லண்டனை வதிவிடமாகவும் கொண்டவர், இன்னாரின் அன்பு மகன், பாசமிகு கணவர், அருமைத் தந்தை, மருமகன், மைத்துனர், சகலன், பேரன் என்று உறவு முழுவதும் வரிசையாக வரும். அதில் தொழிலுக்கு இடமில்லை, சரி. ஆனால் 31ஆம் நாள் கொடுக்கும் கல்வெட்டில் இடம் இருக்கிறது. அங்கேயும் "பாசத்தின் உறைவிடம், பண்பின் சிகரம்" என்று எந்த அப்பாவுக்கும் பொருந்தும் வரிகளை அச்சகம் வைத்திருக்கும் மாதிரியிலிருந்தே எடுத்துப் போட்டுவிடுகிறோம். தொழில் என்றால் "மருத்துவத்துறையில் பணியாற்றினார்" என்று ஒரு வரியில் மூடிவிடுகிறோம்.

தாதி என்று எழுதக் கூச்சப்படுகிறோம் என்பதே உண்மை. தாதி, செவிலி இரண்டும் காதுக்குப் பெண்பாலாகக் கேட்கிற சொற்கள். இந்த நாட்டிலும் தாதியரில் ஆண்கள் பத்துக்கு ஒருவர் அளவுதான். வாட்டில் நோயாளிகள் அவரை டொக்டர் என்றே கூப்பிட்டிருப்பார்கள், அவரும் ஒவ்வொரு முறையும் "இல்லை, நான் நேர்ஸ்" என்று திருத்தியிருப்பார். அவர் வாழ்நாள் முழுக்கத் திருத்திய சொல்லை நாங்கள் மறைக்கக்கூடாது. இலங்கையில் "தாதிய உத்தியோகத்தர்" என்ற பதவிப்பெயர் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. அதையே எழுதுங்கள்.

எழுதத் தகவல் எங்கே கிடைக்கும்? அவர் அலுமாரியிலேயே. 2016 ஏப்ரலிலிருந்து இங்குள்ள தாதியர் பதிவை மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். அதற்கு 450 மணிநேர வேலைக் கணக்கு, 35 மணிநேரப் படிப்பு, மற்றவர்களின் கருத்து 5, தன் வேலையைப் பற்றித் தானே எழுதிய சிந்தனைக் குறிப்பு 5. அந்தக் கோப்பைத் தேடுங்கள். எந்த நாள் எது பிழைத்தது, அடுத்த முறை என்ன செய்வேன் என்று அவர் கைப்பட எழுதியிருப்பார். நோயாளியை அடையாளம் காட்டும் விபரத்தை அவர்கள் எழுதுவதில்லை, ஆனாலும் அச்சுக்குக் கொடுக்கும் முன் இன்னொருவரைக் கொண்டு வாசிப்பியுங்கள். நோயாளிகள் கொடுத்த நன்றி அட்டைகளில் உள்ள பெயர்களையும் எடுத்துவிடவேண்டும்.

யாழ்ப்பாணத்தில் வேலை செய்தவர் என்றால் ஆண்டுகளைத் துல்லியமாகப் போடுங்கள். 1987 ஒக்டோபர் 21, 22இல் யாழ். ஆஸ்பத்திரிக்குள் நோயாளிகளோடு டொக்டர்மாரும் தாதியரும் ஊழியரும் இந்தியப் படையால் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகும் அந்த வாட்டுகளுக்கு வேலைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். 90களில் மின்சாரம் இல்லை, மருந்துக்குத் தடை, வீட்டில் ஜாம் போத்தல் விளக்கு. இங்கே பிறந்த பேரப்பிள்ளைக்கு இதெல்லாம் எழுதினால்தான் தெரியும்.

இங்கத்தைய வேலை நாளையும் எழுதுங்கள். கிழமைக்கு 37½ மணிநேரம் என்பது கடதாசிக் கணக்கு. லோங் டே என்றால் காலை ஏழரைக்குக் கையேற்று இரவு எட்டுக்குக் கைமாற்றும் பன்னிரண்டரை மணிநேரம். நைட் முடித்து வந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்து, மூன்று மணிக்கு எழும்பி மீண்டும் பள்ளிக்கூட வாசலில் நின்ற ஆள் அவர். தாங்கள் பகலில் குசுகுசுத்துக் கதைத்தே வளர்ந்ததைப் பிள்ளைகள் சிரித்துச் சிரித்துச் சொல்வார்கள். அந்தச் சிரிப்பும் கல்வெட்டில் வரட்டும்.

அச்சில் பிழைப்பது பெரும்பாலும் நாலு இடத்தில். நடுவில் கம்பிப் பின் அடிக்கிற புத்தகம் என்றால் பக்கங்கள் 4இன் மடங்காக இருக்கவேண்டும், இல்லையென்றால் கடைசியில் வெற்றுப் பக்கம் நிற்கும். வட்ஸ்அப்பில் வந்த படம் சுருங்கிய படம், மூலப்படத்தை மின்னஞ்சலில் எடுங்கள். பாமினி எழுத்துருவை யூனிகோடுக்கு மாற்றினால் கொம்பும் காலும் இடம் மாறும், தேவாரத்தை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். இறந்த திதியைப் பாட்டாகச் சொல்லும் திதி வெண்பாவில்தான் அதிகம் தவறுவது. ஊர்ப் பஞ்சாங்கம் இலங்கை நேரத்தில் இருக்கிறது, லண்டன் அதற்குப் பனிக்காலத்தில் ஐந்தரை மணி, கோடையில் நாலரை மணி பின்னால். திதி மாறும் வேளையில் உயிர் பிரிந்திருந்தால் ஒரு நாளே பிழைத்துவிடும். ஐயரிடம் லண்டன் நேரத்தையே சொல்லி, அது லண்டன் நேரம் என்றும் சொல்லுங்கள்.

தகனசாலையில் கிடைப்பது அரை மணி, முக்கால் மணி. இதற்குப் பழகிவிட்டோம் என்றுதான் சொல்கிறோம். பொற்சுண்ணம் இடிப்பதையும் பேரப்பிள்ளைகள் பந்தம் பிடிப்பதையும் வாய்க்கரிசியையும் மண்டபத்திலேயே முடித்துவிட்டு வருகிறோம், கற்பூரம் கொளுத்த முன்கூட்டியே அனுமதி கேட்கிறோம். பேசுபவருக்கு ஐந்து நிமிடம் என்றால் ஐந்நூறு சொல்லுக்குள் எழுதிவைக்கச் சொல்கிறோம். ஆனால் வெளியே அடுத்த குடும்பத்தின் கார் வந்து நிற்பது கண்ணாடிக்குள்ளால் தெரியும்போது, முற்றத்துப் பந்தலும், வெள்ளை கட்டின ஒழுங்கையும், தூரத்தில் பறைச் சத்தம் கேட்டவுடனே வேலியோரம் வந்து நிற்கிற சனமும் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. அங்கே யாரும் நிமிடம் பார்த்ததில்லை.

ஒரு கடைசி அலுவல். இறப்பைப் பதியும்போது கிடைக்கும் "டெல் அஸ் வன்ஸ்" சேவை, கடவுச்சீட்டு, ஓட்டுநர் உரிமம், வரி அலுவலகங்களுக்கெல்லாம் அறிவித்துவிடும். தாதியர் பதிவுச் சபைக்கு நீங்கள்தான் தனியாக அறிவிக்கவேண்டும். இல்லையென்றால் பதிவைப் புதுப்பிக்கச் சொல்லி அவர் பெயருக்குக் கடிதம் வந்துகொண்டிருக்கும்.

மணிக்கூட்டை 31ஆம் நாள் வீட்டுக்கிருத்தியப் படையலில் படத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். பற்றரியைக் கழற்றவேண்டாம்.