எந்தப் பாதியைச் சுரண்டுவது?

போன சனிக்கிழமை வாசிகசாலை மேசையில் இருந்த கொயில்கள் எல்லாமே ஓடின. நடுங்கிக்கொண்டு நின்றது ஒன்றுகூட இல்லை. கொஞ்சம் பெருமையாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு ரோச் பற்றரி, இரண்டு சேப்டி பின், ஒரு காந்தம், கொஞ்சம் செப்புக் கம்பி என்று இந்தச் சின்ன மோட்டரைப் பிள்ளைகளோடு செய்து பார்த்தவர்களுக்கு இது விளங்கும். வழமையாகச் சிலரின் கொயில் சுற்றும். மிச்சப் பேர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருப்பார்கள். "விரலால ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கோ" என்று சொல்லிச் சமாளிக்கவேண்டி வரும்.

செய்முறையை முழுக்க இங்கே எழுதப்போவதில்லை: கம்பியை வட்டமாகச் சுற்றியதுதான் கொயில், அதன் இரண்டு முனையும் பற்றரியின் இரு பக்கமும் நிற்கிற பின்களின் துளைகளில் தாங்கிச் சுழலும், காந்தம் வழமையாகக் கீழே இருக்கும். மின்சாரம் பாயாதபடி கம்பிக்குப் பூசியிருக்கிற எனாமலை முனையில் சுரண்டுகிற அந்த ஒரு வேலையைப் பற்றித்தான் எழுதவேண்டும்.

முதலில் கம்பி. எங்கள் கிளிநொச்சிப் பக்கம் இதற்குப் பஞ்சமில்லை. கிணறும் குழாய்க்கிணறும் தோட்டமுமாக இருக்கிற ஊர்களில் தண்ணி மோட்டர் எரிவது புதினமில்லை. ஓரளவு பெரிய சந்தி என்றால் எரிந்த மோட்டருக்குப் புதுக் கம்பி சுற்றித் தருகிற வைண்டிங் கடை ஒன்று இருக்கும். சிறுபோக நேரத்தில் போனால் கடைக்காரருக்குத் தலை நிமிர நேரமிருக்காது, ஆகவே மழைக்காலத்தில் போங்கள். பழைய செம்புக்கும் விலை இருப்பதால் துண்டுக் கம்பியைச் சும்மா தருவார் என்று எதிர்பார்க்கக்கூடாது. நான் நிறுத்துத்தான் வாங்குகிறேன். 24 கேஜ், அதாவது அரை மில்லிமீற்றரைவிடக் கொஞ்சம் தடிப்பு. இன்னும் மெல்லிய 28க்குப் போனால் முனைகள் வளைந்து கொயில் ஊசலாடும். தடித்த 20 என்றால் சின்ன விரல்களுக்கு வட்டமாகச் சுற்றவே வராது. குழாய்க்கிணற்றுக்குள் இறக்கும் சில மோட்டர்களுக்கு வருகிற கம்பியில் தடித்த பிளாஸ்ரிக் உறை இருக்கும், உள்ளே தண்ணீர் நிற்கிற மோட்டர் என்பதால். அதைத் தந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இந்த எனாமலை லைற்றரால் எரித்து எடுக்கலாம் என்று நிறையப் பேர் சொல்லித் தருகிறார்கள். பழைய ரேடியோவில் கழற்றிய மெல்லிய கம்பிகளில் சிலது அப்படி எரியும். மோட்டர் வைண்டிங் கம்பியில் அது சரிவராது. சூட்டுக்குள்ளேயே வருடக்கணக்கில் கிடப்பதற்கென்று பூசிய எனாமலை ஒரு லைற்றர் என்ன செய்யும்? கறுப்பாகும், அவ்வளவுதான். அந்தக் கறுப்பும் மின்னோட்டத்தைச் சீராக விடாது. சாண்ட் பேப்பரால் தேய்க்கவேண்டும், அல்லது பிளேட்டின் முதுகால் சுரண்டவேண்டும். செம்பு பளபளவென்று தெரியும்வரை.

சரி, எவ்வளவு சுரண்டுவது? ஒரு முனையை முழுக்க, மற்ற முனையைப் பாதி. இதுவரை எல்லாரும் சொல்வார்கள். இரண்டையும் முழுக்கச் சுரண்டினால் மின்னோட்டம் நிற்காமல் பாயும். அரைச் சுற்றுக்கு முன்னால் தள்ளிய விசை அடுத்த அரைச் சுற்றில் பின்னால் இழுக்கும். (அப்படியும் சிலது ஓடுவதுண்டு. கொயில் பின்னில் துள்ளித் துள்ளித் தொடுகை விடுவதால் வருகிற தற்செயல் அது. "நான் முழுக்கச் சுரண்டினேன், ஓடினதே" என்று ஒருவன் நெஞ்சை நிமிர்த்தும்போது பதில் சொல்ல இது தெரிந்திருப்பது நல்லது.)

சிக்கல் அந்தப் பாதியில்தான். எந்தப் பாதி?

ஒரு சனிக்கிழமை எட்டாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று கொயிலை மேசையில் படுக்கவைத்து, முனையின் மேல்பக்கத்தை வெகு அழகாகச் சுரண்டியிருந்தாள். அவ்வளவு துப்புரவான வேலை வேறு யாரிடமும் இல்லை. ஆனால் கொயில் ஓடவில்லை, கிடந்து ஆடியது. பற்றரியை மாற்றினாள், பின்னை நிமிர்த்தினாள், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் எரிச்சலில் காந்தத்தைக் கையில் எடுத்துக் கொயிலைச் சுற்றிச் சுற்றிக் காட்டினாள். கீழே இருந்தபோது அசையாத கொயில், காந்தம் பக்கவாட்டில் வந்ததும் விர்ரென்று பிடித்தது. "அண்ணை, இது பக்கத்தால பிடிச்சாத்தான் ஓடும்!" என்று கத்தினாள். பக்கத்தில் இருந்த பெடியன் நம்பாமல் தன் கொயிலுக்கும் பக்கவாட்டில் காந்தம் பிடித்தான். கீழே காந்தம் வைத்து நன்றாக ஓடிக்கொண்டிருந்த அவனுடையது நின்றுவிட்டது.

அவன் கொயிலைக் கையில் எழுப்பிப் பிடித்தபடி சுரண்டியிருந்தான். அவ்வளவுதான் வித்தியாசம்.

காந்தம் கீழே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கொயில் எழும்பி நிற்கும்போதுதான் காந்தப்புலம் அதைச் சுழற்றுகிற விசை ஆகக் கூட. படுத்தவுடன் சுழற்றுகிற விசை பூச்சியம். ஆகவே கொயில் நிற்கும் நிலையை நடுவாக வைத்த அரைச் சுற்றில் மின்னோட்டம் பாயவேண்டும். எழுப்பிப் பிடித்துச் சுரண்டினால் அப்படித்தான் அமையும். படுக்கவைத்துச் சுரண்டிய கொயிலில் மின்னோட்டம் படுத்திருக்கும் நிலையைச் சுற்றியே பாய்கிறது. முதல் கால் சுற்றில் கிடைத்த தள்ளலை அடுத்த கால் சுற்று அப்படியே பறித்துக்கொள்ளும், கணக்கு நேராகிவிடும். காந்தத்தைப் பக்கவாட்டுக்குக் கொண்டுபோனால் இரண்டு கொயிலின் தலையெழுத்தும் மாறிவிடுகிறது. ஓ.எல் பரீட்சைக்காகப் பிளெமிங்கின் இடக்கை விதியை (விசை, காந்தப்புலம், மின்னோட்டம் மூன்றின் திசையையும்) மூன்று விரல் நீட்டிக் காட்டுகிற பிள்ளைகளும் இதைக் கையில் பார்க்கும்வரை விளங்கிக்கொள்வதில்லை.

இப்போது எங்கள் ஒழுங்கு இதுதான்: காந்தம் எங்கே இருக்கப்போகிறது என்று முதலில் முடிவெடுத்து, பின்னோடு சேர்த்து ஒட்டிவிடவேண்டும். அதற்குப் பிறகுதான் பிளேட்டைத் தொடலாம்.

இன்னொரு வழியும் பிடித்தோம், அதுதான் இப்போது எனக்குப் பிடித்தது. இரண்டு முனையையும் முழுக்கச் சுரண்டிவிட்டு, ஒரு முனையின் பாதியில் கியூட்டெக்ஸ் (நகப்பூச்சு) பூசுவது. அக்காமாரிடம் பாதி காய்ந்த போத்தல் ஒன்று எப்படியும் இருக்கும். நிறம் இருப்பதால் எந்தப் பாதி மூடியிருக்கிறது என்று மேசைக்கு அந்தப் பக்கம் நின்றாலே தெரிகிறது. பிழைத்தால் அழித்துவிட்டு மற்றப் பாதியில் பூசலாம். கம்பி தேய்ந்து முறிவதில்லை. மார்க்கர் பேனையால் பூசியதும் ஓடும், ஆனால் பொறி பட்டுச் சீக்கிரம் எரிந்துவிடும்.

விஞ்ஞானி மைக்கல் பரடேக்கு இந்தத் தலையிடி இருக்கவில்லை. 1821 இல் அவர் காந்தத்தைச் சுற்றிக் கம்பியைச் சுழலவைத்தபோது கம்பியின் நுனி பாதரசத்துக்குள் முங்கியிருந்தது. தொடுகை விடாது, சுரண்டவும் தேவையில்லை. பாதரசத்தைப் பிள்ளைகளுக்குக் கிட்டவும் கொண்டுவர முடியாது, அதனால் எங்களுக்குக் கியூட்டெக்ஸ்தான்.

சோழகக் காற்றுத் தொடங்கினால் யன்னலைச் சாத்திவிட்டுச் செய்யுங்கள். பற்றரி போடாமலே ஒரு கொயில் சுற்ற, முழு வாசிகசாலையும் கைதட்டியது.

பற்றரி விஷயம் கொஞ்சம் கவனம். இந்தக் கொயிலுக்குத் தடை கிட்டத்தட்ட இல்லை. அது நின்றுபோய்த் தொட்டுக்கொண்டிருந்தால் பற்றரியைக் குறுக்குச்சுற்றாக்கியதற்குச் சமம், சேப்டி பின் சூடாகிக் கையைச் சுடும். 1.5 வோல்ற் பெரிய ரோச் பற்றரி போதும். பழைய லப்டொப்பில் கழற்றிய லித்தியம் செல்லைப் பெரிய பெடியன்கள் கொண்டுவருவார்கள். வாங்கி மேசைக்கு வெளியே வைத்துவிடுங்கள், அது தரக்கூடிய மின்னோட்டம் விளையாட்டல்ல.

காந்தம்தான் இன்னும் தட்டுப்பாடு. பழைய ஸ்பீக்கரின் கறுப்பு வளையம் எல்லாவற்றிலும் திறம். ஹார்ட் டிஸ்கில் இருப்பது பலமானது, ஆனால் சேப்டி பின்னையே இழுத்துச் சாய்த்துவிடும். ஒன்றை மட்டும் நான் செய்வதில்லை: பழைய இரும்பு, கம்பி கிடந்தால் பொறுக்கிக்கொண்டு வாருங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்வது. வேறு இடத்து ஆசிரியர்கள் எழுதுகிற செய்முறைகளில் அது சாதாரணமாக வரும். போர் 2009 இல் முடிந்தது, ஆனால் முகமாலைப் பக்கம் அதற்குப் பிறகும் வருடக்கணக்காகக் கண்ணிவெடி அகற்றினார்கள். இங்கே நிலத்தில் கிடக்கிற உலோகத்தைத் தொடாதே என்பதுதான் முதல் பாடம். சாமான் எல்லாம் வீட்டிலிருந்து அல்லது கடையிலிருந்து மட்டும்.

ஓடி முடிந்த பற்றரிகளை எறியவில்லை. அல்கலைன் அல்லாத சாதாரணப் பற்றரிக்குள் ஒரு காபன் கோல் இருக்கிறது. அதை எடுத்து உப்புத் தண்ணீரை மின்பகுக்க ஆசை. ஆனையிறவு உப்பு, பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை இரண்டுக்கும் நடுவில் இருந்துகொண்டு இதைச் செய்யாமல் விடலாமா? அந்தத் தொழிற்சாலையில் எரிசோடாவும் குளோரினும் செய்தது இதே வழியில்தான். செவ்வரத்தம்பூச் சாறு விட்டால் சோடாப் பக்கம் பச்சையாக வரவேண்டும். குளோரின் வரும் என்பதால் வெளியே, மரத்துக்குக் கீழே, கொஞ்ச நேரம் மட்டும்.

ஆனால் மோட்டரே இன்னும் முடியவில்லை. ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு கொயில் வைத்தால் தட்டிவிடாமல் தானாகத் தொடங்குமா என்று அந்த எட்டாம் ஆண்டுப் பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கிறாள். நாலு முனைக்கும் எங்கே கியூட்டெக்ஸ் பூசுவது என்று கொப்பியில் கீறியும் வைத்திருக்கிறாள். அதற்குப் பலமான காந்தம் வேண்டும். கிளிநொச்சிப் பக்கம் யாரிடமாவது கோன் கிழிந்த ஸ்பீக்கர் இருந்தால் எறியவேண்டாம், வந்து எடுத்துக்கொள்கிறேன்.