மொட்டைத்தலையும் முழங்காலும்

“உடைந்திருப்பது முழங்கால், சிஸ்டர். மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் ஏன் முடிச்சுப் போடுகிறீர்கள்?”

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கூட வலியை மறந்து சிரித்துவிட்டார். கேட்டவருக்குத் தலை நிறைய முடி என்பதால் அது இன்னும் வேடிக்கையாக இருந்தது. நானும் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. விபத்துப் பதிவுத் தாளில் ‘சைக்கிள்’ என்று குறித்தால், அதற்கு நேர் கீழே ‘ஹெல்மெட்’ என்று ஒரு கட்டம் வரும். ஆம், இல்லை, தெரியவில்லை என்ற மூன்றில் ஒன்றைக் குறிக்க வேண்டும். “அணிந்திருந்தீர்களா, சார்?” என்று மறுபடி கேட்டேன். “இல்லை” என்றார். ‘இல்லை’யில் டிக் அடித்தேன். அதோடு நின்றிருந்தால் இதை எழுதவே தேவை இருந்திருக்காது. “போட்டிருக்கலாமே” என்று ஒரு வார்த்தையைச் சேர்த்தேன்.

அந்த வார்த்தைக்கு என்னிடம் காரணம் இருந்தது. அரை மணி நேரத்துக்கு முன்புதான் ஒரு பெண்ணின் ஹெல்மெட்டைக் கையில் வாங்கி வைத்திருந்தேன். வெளி ஓட்டில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை, கொஞ்சம் சிராய்ப்பு மட்டும். திருப்பிப் பார்த்தால், காதுக்கு மேலே வரும் இடத்தில் உள்ளே இருக்கும் தெர்மகோல் நசுங்கிக் குழிந்திருந்தது. என் கட்டைவிரல் அந்தக் குழியில் சரியாகப் பொருந்தியது. குழியிலிருந்து ஒரு விரிசல் பின்பக்கம் வரை ஓடியிருந்தது. அந்தப் பெண் கட்டிலில் உட்கார்ந்து போன் சார்ஜர் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் குழியைத் தொட்டுப் பார்த்த கையோடு அடுத்த கட்டிலுக்கு வருகிறவள் வேறு என்ன சொல்வாள்?

இதைப் பல முறை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அவருடைய மனைவி வந்து நிற்கும் இடத்தில் தடுக்கி விழுகிறேன்.

அவர் நேராகத்தான் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். ஓரமாக நின்றிருந்த காரில் இருந்தவர் பின்னால் பார்க்காமல் கதவைத் திறந்துவிட்டார். கதவின் விளிம்பு முழங்காலில் இறங்கியது. அவர் பக்கவாட்டில் சாய்ந்து, உள்ளங்கையை ஊன்றி விழுந்திருக்கிறார். கையில் பதிந்திருந்த பொடிக்கற்களை நான்தான் ஒவ்வொன்றாக எடுத்தேன். தலை எதிலும் படவில்லை. ஐந்து ஹெல்மெட் அணிந்திருந்தாலும் அந்த முழங்கால் உடைந்துதான் இருக்கும். காரில் இருந்தவர் கண்ணாடியில் பார்த்தாரா என்று கேட்கும் கட்டம் எங்கள் தாளில் இல்லை.

மனைவி ஓடி வந்தார். தாள் கட்டிலின் கால்மாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் படித்தாரா, நான் சொன்னது காதில் விழுந்ததா, அல்லது அவராகவே கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. முதல் கேள்வியே, “ஹெல்மெட் போடவில்லையா?” என்பதுதான். அவர் மனைவிக்குப் பதில் சொல்லவில்லை. என்னைப் பார்த்தார்.

அந்தப் பார்வைக்குப் பிறகு நான் ஒன்று செய்தேன். யாரிடமும் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. கை, கால் உடைந்து வரும் சைக்கிள்காரர் வெறுந்தலையோடு வந்திருந்தால், அந்தக் கட்டத்தில் ‘தெரியவில்லை’ என்று குறித்தேன். தலையில் அடிபட்டவர்களுக்கு மட்டும் உள்ளதை உள்ளபடி எழுதினேன். அங்கே அது சிகிச்சைக்கு உதவும் தகவல். மற்றவர்களுக்கு அது வெறும் குற்றப்பத்திரிகை, நாளைக்கு இழப்பீட்டுப் பேச்சில் யாராவது எடுத்துக் காட்டும் ஒரு டிக் என்று வாதிட்டுக்கொண்டேன். இரக்கம் என்றும் நினைத்தேன். இரண்டு மாதம் ஓடியது.

ஹெல்மெட்டுக்கு நான் எதிரி இல்லை. சைக்கிளில் போனால் அணிந்துகொண்டுதான் போகிறேன். ஆனால் அது எதற்குச் செய்யப்பட்டது என்பதும் தெரியும். ஐரோப்பியத் தரமான இஎன் 1078 அதை நொடிக்கு 5.42 மீட்டர் வேகத்தில் தட்டையான இரும்பில் மோதவிட்டுச் சோதிக்கிறது. ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் வேகம் அது. சைக்கிளிலிருந்து கீழே விழும் தலைக்கான கணக்கு. லாரி வந்து இடிக்கும் கணக்கு இல்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1990 ஜூலையில் சட்டமே போட்டது. தலைக்காயங்கள் குறைந்தது ஹெல்மெட்டாலா, பலர் சைக்கிளையே விட்டுவிட்டதாலா என்ற சண்டை இன்றும் ஓயவில்லை. நெதர்லாந்தில் பெரும்பாலோர் வெறுந்தலையோடுதான் ஓட்டுகிறார்கள். அங்கே தனிப் பாதை இருக்கிறது. அந்தப் பெண்ணின் ஹெல்மெட் கையில் இருந்தபோது இதில் ஒன்றும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. அந்த மனிதரின் பார்வைக்குப் பிறகோ, இது தவிர வேறொன்றும் நினைவுக்கு வரவில்லை.

எங்கள் பிரிவில் ஆய்வில் ஆர்வம் உள்ள மருத்துவர் ஒருவர் இருக்கிறார். ஒரு இரவுப் பணியில் சும்மா கேட்பதுபோல அவரிடம் கேட்டேன்: “கால் உடைந்தவரிடம் ஹெல்மெட் பற்றி எதற்கு, டாக்டர்?”

“அவர்தானே முக்கியம்” என்றார்.

ஹெல்மெட் விவாதத்தில் எல்லோரும் மேற்கோள் காட்டும் 85 சதவீதம் என்ற எண் எங்கிருந்து வந்தது என்று விளக்கினார். 1989-இல் வெளிவந்த சியாட்டில் ஆய்வு அது. தலையில் அடிபட்டு மருத்துவமனைக்கு வந்த சைக்கிள்காரர்களில் 7 சதவீதம் பேர்தான் ஹெல்மெட் அணிந்திருந்தார்கள். அதே மருத்துவமனைகளுக்குத் தலை தவிர வேறு காயத்தோடு வந்தவர்களில் 24 சதவீதம் பேர். இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் அடிப்படை. வயது போன்றவற்றைக் கழித்துப் பார்த்தபின் 85 வந்தது. அந்த எண் அதிகம் என்று பிறகு பலர் வாதிட்டார்கள். 2016-இல் நாற்பது ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் தலைக்காயத்துக்குக் கிடைக்கும் பாதுகாப்பை ஏறக்குறைய 50 சதவீதம் என்றார்கள். ஆனால் வழி இதுதான். தலையை மட்டும் எண்ணினால் ஒன்றும் தெரியாது. ஒப்பிட ஒரு முழங்கால் வேண்டும்.

ஆக, மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதுதான் அந்த ஆய்வே. அவர் கேட்டதற்கு நேரான பதில் இருந்திருக்கிறது. எனக்குத்தான் அப்போது தெரியவில்லை.

அதன்பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கால் உடைந்தவர்களில் வெறுந்தலைக்காரர்களை நான் ‘தெரியவில்லை’க்குத் தள்ளிவிட்டேன். மிஞ்சுகிறவர்கள் யார்? ஹெல்மெட் அணிந்தவர்கள்தான். ஒப்பீட்டுப் பக்கத்தில் ஹெல்மெட் விகிதம் ஏறும், இடைவெளி விரியும், ஹெல்மெட் உண்மையைவிடப் பெரிய காவலனாகத் தெரியும். அவரைப் போன்றவர்களைப் பழியிலிருந்து காப்பாற்றுகிறேன் என்று, “போட்டிருக்கலாமே” என்ற வார்த்தையை இரண்டு மாதம் எண்களால் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

எங்கள் தாள்களை வைத்து யாரும் ஆய்வு செய்யப் போவதில்லை என்று ஒரு மனம் சொல்கிறது. அப்படியானால் அந்தக் கட்டம் எதற்கு, அந்த டிக் எதற்கு, அவரை ஏன் கேட்டாய் என்று இன்னொரு மனம் கேட்கிறது.

“விடுபட்டவை இருந்தால் தப்பா, டாக்டர்?” என்று கேட்டேன். “எத்தனை என்பதைவிட, யாருடையது விடுபட்டது என்று பார்க்க வேண்டும்” என்றார். தலையாட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். இன்றுவரை சொல்லவில்லை.

இப்போது உள்ளதை உள்ளபடி குறிக்கிறேன். ‘போட்டிருக்கலாமே’ சொல்வதில்லை. அதற்குப் பதிலாக எப்படி நடந்தது என்று கேட்டு, தாளின் ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதிவைக்கிறேன். ‘நின்ற காரின் கதவு’ என்று போன வாரம்கூட ஒன்று எழுதினேன். கணினியில் ஏற்றும் பையன் திரும்பி வந்து, “இதை எந்தக் கட்டத்தில் போடுவது, சிஸ்டர்?” என்றான். கட்டம் இல்லை, விட்டுவிடு என்றேன்.