பின்கட்டுச் சில்லறை

எங்கள் விடுதியின் சில்லறைச் செலவு நோட்டில் ‘பின்கட்டு வேலை – 100’ என்ற வரி அடிக்கடி வரும். கணக்குப் பார்க்க வந்த ஆடிட்டர் ஒரு தடவை, “பின்கட்டுல அப்படி என்ன சார் வேலை, வாரத்துக்கு ரெண்டு தடவை?” என்று கேட்டார். “சுத்தம் பண்றதுதான் சார்” என்றேன். முழுப் பொய் இல்லை. கூண்டில் விழுந்த பெருச்சாளியைக் கொன்று புதைப்பதற்குக் காவல்கார அண்ணனுக்குக் கொடுக்கும் கூலி அது.

குன்றக்குடிக்குப் பக்கத்தில் ஒரு ஊரில், செட்டிநாட்டு வீடு ஒன்றை விடுதியாக மாற்றியிருக்கிறார்கள். முகப்பு ஒரு தெருவில் இருந்தால் கொல்லைக் கதவு அடுத்த தெருவில் திறக்கும், அவ்வளவு நீளம். பங்காளிகளில் பாதிப்பேர் சென்னையில், மீதிப்பேர் சிங்கப்பூரில். ஆறு வருஷமாக நான்தான் மேனேஜர். அறை ஒதுக்குவது, வாடகை வாங்குவது, ஜெனரேட்டருக்கு டீசல் போடுவது என்று சேர்ந்தேன். உயிர் எடுப்பதும் இந்த வேலையில் அடக்கம் என்று யாரும் சொல்லவில்லை.

பிரச்சினை ஒரு சாப்பாட்டு மேஜையில் ஆரம்பித்தது. இரண்டாம் கட்டில் விருந்தினருக்கு இலை போடும் இடத்தில் மேஜை ஆடுகிறது என்றார்கள். காலுக்கு அட்டை மடித்து வைத்தோம். மறுவாரம் இன்னும் சாய்ந்தது. கடைசியில் பார்த்தால் சாய்ந்தது மேஜை இல்லை, தரை. ஆத்தங்குடிக் கல் நான்கு உள்வாங்கியிருந்தது. கொத்தனார் ஒரு கல்லைப் பெயர்த்ததும் அடியில் என் முழங்கை வரை போகிற பொந்து. வளவில், அதாவது வீட்டு நடுமுற்றத்தில், விழும் மழைத்தண்ணீர் வெளியேறக் கட்டிய பழைய வாய்க்கால் வழியாகப் பெருச்சாளிகள் வந்து, தரைக்கு அடியில் மண்ணைப் பறித்துக் குடித்தனம் நடத்தியிருக்கின்றன. ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடி மேல் சாயக் கலவையை ஊற்றிக் கையால் வார்க்கிறார்கள். இன்றைக்கும் ஆத்தங்குடியில் கிடைக்கும். ஆனால் எத்தனையோ வருஷம் காலடி பட்டு மங்கிய அந்தப் பச்சைக்குப் புதுக் கல் சேராது. ஒட்டுப் போட்டது தனியாகத் தெரியும்.

சமையல்கார அக்காவுக்குக் கல் பற்றிக் கவலை இல்லை. அவருடைய பயம் எலிக்காய்ச்சல். மூத்திரம் பட்ட தண்ணீரே போதும், நோய் வந்துவிடும். அது நியாயமான பயம்தான். இரும்புக் கூண்டு வாங்கினோம். சுட்ட தேங்காய் வைத்தோம், கருவாடு வைத்தோம். முந்தின நாள் மிஞ்சிய வெள்ளைப் பணியாரத்துக்குத்தான் முதல் பெருச்சாளி விழுந்தது. விருந்தினர்கள் பாராட்டுவதில் தப்பில்லை.

அதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரு கிலோவாவது இருக்கும். கறுத்த முரட்டு முடி சிலிர்த்துக்கொண்டு, பன்றி மாதிரி உறுமியது. கிட்டப் போனதும் உறுமலை நிறுத்திவிட்டு முன்னங்கால்களால் கம்பியைப் பிடித்துக்கொண்டது. கால் என்று எழுதுகிறேன், பார்ப்பதற்கு விரல். இளஞ்சிவப்பாக, நகத்தோடு, ஜன்னல் கம்பியைக் குழந்தை பிடிக்கிற மாதிரி. அண்ணன் கூண்டோடு தூக்கிக் கல்தொட்டியில் அமுக்கினார். குமிழி வந்தது. நான் போன் வந்த மாதிரி உள்ளே போய்விட்டேன். அன்றைக்குத்தான் அந்த வரியை முதலில் எழுதினேன். ‘பெருச்சாளி’ என்று எழுதப் பேனா வரவில்லை. அப்புறம் காலை எட்டு மணிக்கு முன்னால் பின்கட்டுப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன்.

இத்தனைக்கும் நான் வேட்டங்குடிப் பக்கத்துக்காரன். 1977இலிருந்து அங்கே பறவைகள் சரணாலயம். கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைகள் பயந்துவிடும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. குளிர்காலத்தில் வரும் வெளிநாட்டு விருந்தினர்களைக் கார் வைத்து அங்கே அழைத்துப் போய், “எங்க ஜனங்க அப்படி” என்று பெருமை பேசுவேன். திரும்பி வந்து, கூண்டுக்குள் பணியாரம் வைத்தாயிற்றா என்று கேட்பேன்.

மனசு கேட்காமல் ஒரு தடவை, விழுந்ததைக் கோணியில் சுற்றி மொபெட்டில் கட்டிக்கொண்டு கண்மாய்க்கரைக்குப் போனேன். கூண்டுக் கதவைத் தூக்கப் போகும்போது வரப்பிலிருந்து ஒரு பெரியவர் குரல் கொடுத்தார். “என்ன தம்பி, எங்க நெல்லுக்கு விருந்தாளி கூட்டியாந்திருக்கீகளா?” ஒன்றும் சொல்ல முடியவில்லை. பெருச்சாளி வயலில் இறங்கினால் என்ன ஆகும் என்று அவருக்கு நான் பாடம் எடுக்க முடியாது. என் கொல்லையில் வேண்டாதது அவர் வயலில் மட்டும் எப்படி வேண்டும்? கோணியை மறுபடி சுற்றித் திரும்பக் கொண்டுவந்து அண்ணனிடம் கொடுத்தேன். சவாரி போய்விட்டு வந்து செத்தது அது. நேராகவே கொடுத்திருக்கலாம். அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். நன்றாகத்தான் சாப்பிட்டேன்.

அடுத்தது விஷக் கேக். கடைக்காரர், “சார், இது உடனே கொல்லாது. நாலஞ்சு நாள் ஆகும். அதனால மத்ததுங்க சந்தேகப்படாம திங்கும்” என்றார். ரத்தம் உறையவிடாமல் செய்கிற மருந்து, உள்ளுக்குள்ளேயே கசிந்து சாகும். யார் கையும் தொட்டித் தண்ணீரில் இறங்க வேண்டாம் என்பதுதான் எனக்குப் பிடித்திருந்தது. வைத்தோம். தரைக்கு அடியில் எங்கோ செத்து, நாற்றம் மேலே வந்தது. இரண்டு அறைக்காரர்கள் காலி செய்துகொண்டு போனார்கள். அதைவிட, மாடியில் பூட்டிக் கிடக்கும் அறையில் ஒரு ஜோடிக் கூகை இருந்தது. ராத்திரி முழுக்க எலி பிடிக்கிற பறவை, சம்பளம் கேட்காத ஆள். அதில் ஒன்று ஒரு காலையில் வளவு நடுவில் சிறகு விரித்தபடி செத்துக் கிடந்தது. விஷம் தின்ற எலியைத் தின்றால் கூகைக்கும் அதே கதிதான் என்று அப்புறம் தெரிந்துகொண்டேன். இது அதனால்தானா, வேறு எதனாலா என்று யார் அறுத்துப் பார்த்தார்கள்? மிச்சக் கேக்கைத் தூக்கிப் போட்டுவிட்டேன்.

அப்புறம் நல்ல பாம்பு வந்த கதை. கிணற்றடியில் படம் எடுத்து நின்றது. சமையல்கார அக்கா கையெடுத்துக் கும்பிட்டார். நான் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டேன். வண்டியில் வந்தார்கள், கிடுக்கியால் பக்குவமாகப் பிடித்தார்கள். காட்டில் விடுவோம், இதை அடித்தால் வனவிலங்குச் சட்டத்தில் கேஸ் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். விருந்தினர்கள் போட்டோ எடுத்தார்கள், கைதட்டினார்கள். பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் சொன்னார்: “பாம்புக்கு வண்டி வருது. பெருச்சாளிக்கு நான்தான் வரணும்.”

சிரித்துவிட்டேன். ராத்திரி படுத்தபோதுதான் உறைத்தது. கடித்தால் ஆளையே கொல்லும் உயிருக்குக் கும்பிடும் கிடுக்கியும். தரையைக் கெடுத்ததற்குத் தொட்டித் தண்ணீர். 1972 சட்டத்திலேயே எலியையும் காக்கையையும் கேடு செய்பவை என்று ஐந்தாம் அட்டவணையில் ஒதுக்கி வைத்திருந்தார்கள். 2022 திருத்தத்தில் அந்த அட்டவணையையே எடுத்துவிட்டார்கள். என் நோட்டில் அது இன்னும் இருந்தது.

வாய்க்கால் வாயில் இரும்பு வலை அடித்தோம். பொந்துகளில் கண்ணாடிச் சில்லும் சிமெண்டும் கலந்து அடைத்தோம். சமையலறைக் கழிவை மூடி வைத்த டிரம்மில் போட்டோம். முதலிலேயே செய்திருக்க வேண்டியது. இதற்குச் செலவு அதிகம், முதலாளியிடம் கேட்கத் தயங்கினேன். நூறு ரூபாய்க்கு யாரிடமும் அனுமதி வேண்டாம் அல்லவா? வாரம் இரண்டு என்பது மாதம் ஒன்று ஆனது. நிற்கவில்லை.

அண்ணனிடம் ஒரே நிபந்தனைதான். சங்கடஹர சதுர்த்திக்கு விரதமிருந்து சாயங்காலம் பிள்ளையார்பட்டிக்கு நடந்து போவார். “அன்னைக்கு மட்டும் கூண்டு வைக்காதீங்க தம்பி.” மூஷிகம் என்றால் சுண்டெலியா, மூஞ்சூறா, பெருச்சாளியா என்று அவர் விசாரித்ததில்லை. போன சதுர்த்திக்கு முந்தின ராத்திரி, எனக்கு ஞாபகமில்லை, பணியாரத்தை நானே வைத்துவிட்டேன். காலையில் உறுமல் கேட்டது. அண்ணன் வாசலில் குளித்து, திருநீறு பூசி நின்றார். என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை, முகப்புப் பக்கம் போய்விட்டார்.

கூண்டு நான் நினைத்ததைவிடக் கனம். தண்ணீருக்குள் கைப்பிடி வழியாக அதன் உதறல் என் தோள் வரைக்கும் வந்தது. அது நிற்க நான் நினைத்ததைவிட நேரம் ஆனது. தென்னையடியில் புதைத்தேன்.

ராத்திரி அண்ணன் கோயிலிலிருந்து வந்தார். கிளறிய மண்ணை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, பொட்டலத்திலிருந்து ஒரு மோதகத்தை எடுத்து நீட்டினார். இன்னொரு தடவை கை கழுவிவிட்டு வந்து வாங்கிக்கொண்டேன்.

நோட்டை எடுத்தேன். கூலி யாருக்கும் கொடுக்கவில்லை, எழுத ஒன்றும் இல்லை. ஆனாலும் தேதி போட்டு, ‘பெருச்சாளி – 1’ என்று எழுதித் தொகைக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்தேன். அடுத்த மாதம் ஆடிட்டர் வருகிறார்.