ஜாடிக்குள் 1,640 நிக்கல்

2024 அக்டோபரில் பக்கத்து வீட்டுப் பாட்டி முதியோர் குடியிருப்புக்கு மாறுவதற்காக வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். நாங்கள் இருப்பது நியூஜெர்சியின் செர்ரி ஹில்லில். சாமான்களைக் கட்டிக் கொடுக்கப் போன என்னிடம், நிலவறையில் கிடந்த ஒரு பெரிய கண்ணாடி ஜாடியைக் காட்டினார். உள்ளே முழுக்க ஐந்து சென்ட் காசுகள். அமெரிக்காவில் இதை 'நிக்கல்' என்பார்கள். அவருடைய கணவர் ஐம்பதுகளில் குளிர்பான இயந்திரங்களுக்குப் பாட்டில் நிரப்பிவிட்டு, உள்ளே விழுந்த காசை எடுத்து வரும் வேலை பார்த்தவர். அந்தக் காலத்தில் ஒரு கோக் ஐந்து சென்ட்தான். கண்ணில் பட்ட பழைய காசையெல்லாம் தன் கைக்காசைப் போட்டு மாற்றி எடுத்து வந்து ஜாடியில் சேர்த்திருக்கிறார்.

"இதற்கு ஏதாவது மதிப்பு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லேன்" என்றார் பாட்டி. எனக்கு நாணயம் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் சரி என்று சொல்லிவிட்டேன்.

அன்று மாலையே பக்கத்து ஊரில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் ஒரு கை அள்ளிப் பார்த்தார், ஜாடியைத் தூக்கிப் பார்த்தார், "120 டாலர்" என்றார். ஒரு காசைக்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. திரும்ப எடுத்து வந்துவிட்டேன்.

வீட்டில் சமையலறைத் தராசில் வைத்தோம். ஜாடி நீங்கலாக 8 கிலோ 100 கிராம். ஒரு நிக்கல் 5 கிராம், அப்படியானால் 1,620 காசு இருக்கும் என்று பையன் கணக்குப் போட்டான். எண்ணி முடித்தபோது 1,640. இருபது காசு எங்கிருந்து கூடியது என்று யோசித்துவிட்டு அவனே சொன்னான்: "அப்பா, தேஞ்சு போச்சுல்ல!" ஜாடிக்கு வருவதற்கு முன் பல வருஷம் கைமாறியதில் தேய்ந்த உலோகம், 8 கிலோவில் நூறு கிராம். முகமதிப்பு மட்டும் 82 டாலர்.

கோயம்புத்தூரில் வார்ப்படப் பட்டறை வைத்திருக்கும் மைத்துனனிடம் போனில் சொன்னபோது அவனுக்கு முதலில் தோன்றியது உருக்குவதுதான். "மாமா, முக்கால்வாசி செம்பு, கால்வாசி நிக்கல்னு சொல்றீங்க. செம்பு விலை என்னன்னு தெரியுமில்ல?" என்றான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 3.75 கிராம் செம்பு, 1.25 கிராம் நிக்கல், அன்றைய விலையில் ஒரு காசுக்குள் ஏறக்குறைய ஐந்தரை சென்ட் உலோகம். அரை சென்ட் லாபத்துக்காக யாரும் அடுப்பு மூட்ட மாட்டார்கள். அதுவும் போக, சட்டம் இடம் கொடுக்காது. 2006 டிசம்பரிலிருந்து அமெரிக்காவில் ஒரு சென்ட், ஐந்து சென்ட் காசுகளை உருக்குவதற்கும், உருக்குவதற்காக நாட்டை விட்டு அனுப்புவதற்கும் தடை. மீறினால் 10,000 டாலர் வரை அபராதம், ஐந்து வருஷம் வரை சிறை. பயணம் போகிறவர் பையில் ஐந்து டாலர் அளவுக்குக் கொண்டுபோகலாம். இதைச் சொன்னதும் மைத்துனன் அந்தப் பேச்சை விட்டுவிட்டான்.

ஆனால் இந்தத் தடைக்கு ஒரு விலக்கு உண்டு. அதைத் தேடிப் போனதில்தான் எனக்கு விஷயமே பிடிபட்டது.

இரண்டாம் உலகப் போரில் கவசத் தகடுகளுக்கு நிக்கல் தேவைப்பட்டது. அதனால் 1942 அக்டோபரில் தொடங்கி 1945 முடியும் வரை, நிக்கல் காசில் நிக்கலே இல்லை. 56 சதவீதம் செம்பு, 35 சதவீதம் வெள்ளி, 9 சதவீதம் மாங்கனீஸ். எடை அதே 5 கிராம். இயந்திரங்களில் போட்டாலும் வேறுபாடு தெரியாமல் போக வேண்டும் என்பதும் இந்தக் கலவையைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம். பாட்டியின் கணவர் திறந்த பெட்டிகளுக்குள் இவை விழுந்து கிடந்ததும் அதனால்தான். பிற்பாடு பிரித்தெடுக்க வசதியாக, பின்பக்கம், காசின் முன்பக்கத்தில் இருக்கும் அதிபர் ஜெபர்சனின் வீடான மான்டிசெல்லோ மாளிகையின் குவிமாடத்துக்கு மேலே, காசு அடித்த ஊரைக் காட்டும் எழுத்தைப் பெரிதாகப் போட்டார்கள். பிலடெல்பியாவுக்கு பி, டென்வருக்கு டி, சான்பிரான்சிஸ்கோவுக்கு எஸ். அமெரிக்கக் காசு ஒன்றில் பி எழுத்து வந்தது அதுதான் முதல் தடவை. அதுவரை எழுத்து இல்லாவிட்டால் பிலடெல்பியா என்று அர்த்தம்.

ஆகவே வருஷத்தைப் பார்ப்பதற்கு முன்னால் காசைத் திருப்ப வேண்டும். 1942-ல் இரண்டு வகையும் வந்திருப்பதால் வருஷம் மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம், குவிமாடத்து மேலே எழுத்து இருந்தால்தான் வெள்ளி. பழகிய பிறகு நிறமே காட்டிக்கொடுத்துவிடுகிறது. மாங்கனீஸ் சேர்ந்ததால் இவை ஒரு மாதிரி எண்ணெய் பிடித்த கருஞ்சாம்பல் நிறத்துக்கு மாறியிருக்கும். மூன்று ராத்திரி, சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் விரித்து உட்கார்ந்தோம். 71 கிடைத்தது. ஒவ்வொன்றிலும் 0.05626 ட்ராய் அவுன்ஸ் (வெள்ளி, தங்கம் நிறுக்கும் அளவு, ஏறக்குறைய 31 கிராம்) வெள்ளி, 71-க்கும் சேர்த்து நாலு அவுன்ஸுக்கு ஒரு மயிரிழை குறைவு. மற்ற காசுகளுக்குக் கூடாது என்ற சட்டம் இவற்றை உருக்கத் தடுக்கவில்லை.

இங்கேதான் நான் ஒரு தப்பு செய்தேன். கறுத்துக் கிடக்கிறதே, கடைக்குக் கொண்டுபோகும்போது கொஞ்சம் பளிச்சென்று இருக்கட்டும் என்று, குத்துவிளக்கு தேய்க்கிற பழக்கத்தில் புளியும் உப்பும் போட்டு ஒரு பத்துப் பன்னிரண்டு காசைத் தேய்த்துவிட்டேன். அதில் ஒன்று 1883-ஆம் வருஷத்துக் காசு. சுதந்திர தேவியின் தலை, பின்னால் ரோமன் எண் ஐந்து. அந்த வருஷம் முதலில் வந்தவற்றில் 'சென்ட்ஸ்' என்ற சொல்லே கிடையாது. தங்க முலாம் பூசி ஐந்து டாலர் என்று சிலர் தள்ளிவிடப் பார்த்ததால், அதே வருஷத்திலேயே சொல்லைச் சேர்த்துவிட்டார்கள். என் கையில் இருந்தது சொல் இல்லாத காசு, அதிகம் தேயாதது. நூற்று நாற்பது வருஷமாகப் படிந்த நிறத்தை ஐந்து நிமிஷத்தில் உரித்துவிட்டேன். பிற்பாடு இரண்டாவது கடையில் அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்த பெரியவர், மெல்லிய கீறல்களை எனக்கும் லூப் என்ற உருப்பெருக்கிக் கண்ணாடியில் காட்டினார். "தேய்க்காமல் கொண்டுவந்திருந்தால் பத்து டாலர். இப்போது மூன்று" என்றார். அது பாட்டியின் காசு. இதை எழுதும்போதும் எனக்கு வருத்தம்தான்.

எருமைக் காசுகள் 118. 1913 முதல் 1938 வரை வந்தவை. ஒரு பக்கம் அமெரிக்கப் பூர்வகுடி ஒருவரின் முகம், மறுபக்கம் காட்டெருமை. ஜேம்ஸ் ஏர்ல் ஃப்ரேசர் வடித்தது. எனக்கு இதைவிட அழகான காசு அமெரிக்காவில் கிடையாது. என்ன, வருஷத்தைத் தோள்பட்டைமேல் மேடாகப் போட்டுவிட்டார்கள். முதலில் தேய்வதே அதுதான். எங்கள் 118-ல் 40 காசுகளில் வருஷமே இல்லை, வழவழவென்று இருந்தது. ஃபெர்ரிக் குளோரைடு ஒரு சொட்டு விட்டால் மறைந்த எண் மறுபடி தெரியும். ஆனால் விட்ட இடம் அரித்துக் கறையாகிவிடும். புளி அனுபவத்துக்குப் பிறகு எனக்கு அந்தத் துணிச்சல் வரவில்லை. 1937 டென்வர் காசுகளில் முன்னங்கால் ஒன்று இல்லாத எருமை உண்டு, அச்சை அளவுக்கு மீறி இழைத்ததில் கால் போய்விட்டது, நல்ல விலை. பையன் ஒவ்வொரு எருமைக்கும் கால் எண்ணினான். எல்லாவற்றுக்கும் நான்கு.

மூன்றாம் நாள் ராத்திரி பதினோரு மணி இருக்கும். 1944 ஒன்றைத் திருப்பினேன். குவிமாடத்துக்கு மேல் ஒன்றுமில்லை. பக்கவாட்டிலும் இல்லை. தேய்ந்ததா என்று பார்த்தால், மாளிகைத் தூண்களெல்லாம் தெரிகின்றன. 1944-ல் எழுத்து இல்லாத நிக்கல் இருக்கவே முடியாது. நகைத் தராசில் வைத்தேன், 5 கிராமைத் தாண்டியது. தேய்ந்த காசு கூடுதலாக எடை காட்டுமா? எனக்குக் கை நடுங்கியது, கோடி ரூபாய் அபூர்வம் என்றே நினைத்துவிட்டேன்.

இரண்டாவது கடைக்கு மறுநாளே போனேன். பெரியவர் லூப்பை வைத்துப் பின்பக்கத்து லத்தீன் எழுத்துகளில் ஒரே ஒரு எழுத்தைத்தான் பார்த்தார். 'ப்ளூரிபஸ்' என்பதில் வரும் ஆர். அதன் இடது காலில் சின்ன வளையம் போல ஒரு குறை. "ஹென்னிங்" என்று சொல்லிச் சிரித்தார். 1954-ல் இதே தெற்கு நியூஜெர்சியில் ஃபிரான்சிஸ் ஹென்னிங் என்பவர் அடித்த கள்ளக்காசு. ஐந்து சென்டை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? ஆனால் 1944 போட்டுவிட்டு பி போட மறந்ததில் மாட்டிக்கொண்டார். தேடுகிறவர்கள் உண்டாம், ஆனாலும் சட்டப்படி கள்ளக்காசு என்பதால் தான் வாங்க முடியாது என்றார்.

மற்றவற்றை அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார், ஒன்றரை மணி நேரம். வெள்ளிக் காசுக்கு 1.25 டாலர். உள்ளே இருக்கும் வெள்ளி அன்று 1.70 டாலருக்கு மேல் பெறும், ஆனால் மாங்கனீஸ் கலந்ததைச் சுத்திகரிப்பது சிரமம் என்பதால் எல்லாக் கடையிலும் இதைக் குறைத்துத்தான் எடுப்பார்கள். 71-க்கு 88.75. வருஷம் தெரிந்த எருமை 77-க்கு அறுபது சென்ட் வீதம் 46.20. எருமை மேட்டின்மேல் நிற்கும் 1913 முதல் வகை ஒன்று, ஆறு டாலர். சுதந்திர தேவித் தலைக்காசு வேறு ஐந்துக்கு மொத்தம் ஐந்து டாலர், நான் கெடுத்ததற்கு மூன்று. 26 லட்சத்துச் சொச்சம் மட்டுமே அடிக்கப்பட்ட 1950 டென்வர் ஒன்றுக்கு நாலு. மொத்தம் 152 டாலர் 95 சென்ட்.

பணத்தைக் கொடுக்கும்போது பாட்டி அந்த 1944-ஐத்தான் நெடுநேரம் பார்த்தார். கள்ளக்காசு செய்தி ஊரே பேசியது நினைவிருக்கிறது என்றார், அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது. "அவருக்குத் தெரிந்தே எடுத்து வைத்திருப்பாரோ?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. வருஷம் அழிந்த நாற்பது எருமைகளையும் தன்னிடமே வைத்துக்கொண்டார். 1938, 1939-ஆம் வருஷத்து டென்வர், சான்பிரான்சிஸ்கோ காசுகள் நாலைப் பையனுக்குக் கொடுத்தார்.

மீதி 1,439. எல்லாம் சாதாரண ஜெபர்சன்கள், முகமதிப்புக்கு மேல் ஒன்றும் தேறாது. வங்கியில் காகித உறை வாங்கி வந்து நாற்பது நாற்பதாகச் சுற்றினோம். 35 சுருள் முடிந்து, கடைசிச் சுருளுக்கு ஒரு காசு குறைந்தது. பையன் தன் உண்டியலிலிருந்து ஒரு புது நிக்கலை எடுத்து வந்து, திருப்பிப் பின்பக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, உள்ளே போட்டு மடித்தான். 36 சுருள், 72 டாலர்.